விண்மீன் மறைந்த சில விநாடிகள்

ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தை மீறிக்கொண்டு பம்பைச் சத்தம் கேட்கும். மஞ்சள் ஆடை உடுத்தி, பூக்காவடி எடுத்து, மக்கள் திருத்தணி மலையை நோக்கிப் புறப்படுவார்கள். அந்த நாளுக்குக் கிருத்திகை என்று பெயர் வந்தது எதனால் என்று என்றாவது எண்ணிப் பார்த்தது உண்டா?

சந்திரன் வானத்தைச் சுற்றி வரும்போது மாதம் ஒருமுறை கார்த்திகை என்னும் விண்மீன் கூட்டத்தின் அருகே வந்து சேர்கிறது. அந்த நாளே கிருத்திகை. ஆடிக் கிருத்திகையன்று மேகம் விலகியிருந்தால், நள்ளிரவுக்குப் பிறகு கிழக்கு வானத்தைப் பாருங்கள். தேய்பிறைச் சந்திரனும், அதற்குப் பக்கத்தில் சிறு கொத்தாகக் கார்த்திகை மீன்களும் தெரியும்.

பெரும்பாலான மாதங்களில் சந்திரன் அக்கூட்டத்துக்குச் சற்று விலகியே சென்றுவிடும். ஆனால் பதினெட்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு காலம் வருகிறது. அப்போது சில ஆண்டுகள் வரை, சந்திரன் அக்கூட்டத்தின் மீதே நகர்ந்து, அதிலுள்ள மீன்களை ஒவ்வொன்றாக மறைத்துச் செல்கிறது. 2023-ல் தொடங்கிய அத்தகைய காலம் 2029 வரை நீடிக்கும்.

இவ்வாறு ஒரு வான்பொருள் குறுக்கே வந்து விண்மீனை மறைப்பதை 'விண்மீன் மறைப்பு' என்கிறோம். பார்ப்பதற்கு இது மிக எளிய நிகழ்ச்சிதான். எரிந்துகொண்டிருந்த ஒரு புள்ளி அணைகிறது. பிறகு மீண்டும் எரிகிறது. அவ்வளவே! ஆனால் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், சூரிய வெப்பம் எட்டாத குளிரில் உறைந்து கிடக்கும் பனி உலகங்களின் அளவை நமக்குச் சொன்னது இந்த எளிய நிகழ்ச்சியே. அந்த வரலாற்றின் இரண்டு முக்கியமான பக்கங்கள் பொதட்டூர்பேட்டைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தென்மேற்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் எழுதப்பட்டன.

காஞ்சிபுரத்தில் ஒரு நாணயம்

தொலைநோக்கி வழியே பார்த்து அளந்துவிட்டால் போயிற்று, மறைப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

புளூட்டோவின் விட்டம் 2,377 கி.மீ. அது நமக்கு ஏறக்குறைய 500 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தோன்றும்? இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை உங்கள் நண்பர் காஞ்சிபுரத்தில் நின்று தூக்கிப் பிடிக்கிறார். பொதட்டூர்பேட்டையில் மொட்டை மாடியில் நின்று நீங்கள் அதைப் பார்க்கிறீர்கள். அந்த நாணயம் எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ அவ்வளவுதான் புளூட்டோவும் தோன்றும்!

அது மட்டுமன்று. நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாமல் அலைபாய்கிறது. அதனால் விண்மீன்கள் மினுக்குகின்றன. தொலைநோக்கியில் தெரியும் உருவங்களும் கலைந்து மங்குகின்றன. இந்தக் கலங்கல் புளூட்டோவின் தோற்றத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது. கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கடுகை அளவுகோல் வைத்து அளக்க முடியுமா? ஆகவே, பார்த்து அளக்கும் வழி இங்கே பயன்படாது. வேறு வழி தேட வேண்டும்.

பேருந்தின் நீளம்

இரவு நேரம். நீங்கள் சாலையோரமாக நிற்கிறீர்கள். எதிர்ப்புறம் வெகு தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது. சாலையில் விளக்கே போடாத ஒரு பேருந்து குறுக்கே செல்கிறது. பேருந்து உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் தொலைவிலுள்ள விளக்கு சட்டென்று மறைந்து, சரியாக ஒரு விநாடி கழித்து மீண்டும் தெரிகிறது. பேருந்து மணிக்கு 40 கி.மீ., அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் பேருந்தின் நீளம் என்ன? 11 மீட்டர்! பேருந்தைப் பார்க்காமலேயே அதை அளந்துவிட்டீர்கள்.

விண்மீன் மறைப்பும் இதுவே. விண்மீன்கள் நம்மிடமிருந்து மிக மிகத் தொலைவில் இருப்பதால், அவற்றின் ஒளிக்கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வந்து சேர்கின்றன. அக்கதிர்களின் குறுக்கே ஒரு பனி உலகம் வந்தால், அதன் நிழல் பூமியின்மீது விழும். கதிர்கள் இணையாக இருப்பதால் அந்த நிழல் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. 2,000 கி.மீ. விட்டமுள்ள உலகம் 2,000 கி.மீ. அகலமுள்ள நிழலையே தரும். நிழலை அளந்தால் உலகத்தையே அளந்தது போலாகும்.

அந்த நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியும் அவ்வுலகமும் தத்தம் பாதையில் ஓடுவதால், நிழல் தரைமீது விநாடிக்கு 20 கி.மீ. போன்ற வேகத்தில் பாய்ந்து செல்லும். சென்னையில் தொடங்கினால் பெங்களூரை அடைய அதற்குப் பதினைந்து விநாடி போதும். நிழலின் வேகத்தை வானியலார் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுவார்கள். விண்மீன் எத்தனை விநாடி மறைந்தது என்பதை மட்டும் நாம் அளந்தால் போதும்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம்

ஓர் ஊரிலிருந்து பார்த்தால், நிழலின் நடுப்பகுதி நம்மேல் சென்றதா, ஓரப்பகுதி சென்றதா என்பது தெரியாது. நாம் அளந்தது வட்டத்தின் ஒரு நாண் மட்டுமே. அது விட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே குறைந்தது இரண்டு ஊர்களிலிருந்து பார்க்க வேண்டும்.

கற்பனையாக ஓர் உலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நிழல் விநாடிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்கிறது. முதல் ஊரில் விண்மீன் 80 விநாடி மறைந்தது. இரண்டாவது ஊரில் 60 விநாடி மறைந்தது. நிழல் செல்லும் திசைக்குக் குறுக்காக அளந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 200 கி.மீ. தூரம். அந்த உலகத்தின் விட்டம் என்ன?

முதல் நாண் 1,600 கி.மீ.; அதில் பாதி 800. இரண்டாவது நாண் 1,200 கி.மீ.; அதில் பாதி 600. வட்ட மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து அந்த நாணை இருசமமாகப் பிரிக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறீர்கள். பெரிய நாண் மையத்திலிருந்து அ கி.மீ. தூரத்தில் இருக்கட்டும். அப்படியானால் சிறிய நாண் அ + 200 கி.மீ. தூரத்தில் இருக்கும். பிதாகரஸ் தேற்றப்படி, 800-இன் வர்க்கத்தோடு அ-வின் வர்க்கத்தைக் கூட்டினாலும், 600-இன் வர்க்கத்தோடு (அ + 200)-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும், ஆரத்தின் வர்க்கமே கிடைக்க வேண்டும். இரண்டையும் சமன்படுத்தித் தீர்த்துப் பாருங்கள். அ = 600 என்று வரும். ஆரம் 1,000 கி.மீ. விட்டம் 2,000 கி.மீ.

பார்த்தீர்களா? ஒரு கடிகாரமும் பள்ளிக்கூட வடிவியலும் சேர்ந்து, தொலைநோக்கி காட்ட முடியாததைக் காட்டிவிட்டன. நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை சரியாகக் குறித்தால், இங்கே பிழை 2 கி.மீ. அளவுதான்!

அந்த உலகம் சரியான உருண்டைதானா என்பதை அறிய மூன்றாவது, நான்காவது ஊர்களும் தேவை. ஒவ்வோர் ஊரும் ஒரு நாணைத் தருகிறது. தறியில் பாவு நூல்கள் பக்கம் பக்கமாக அமைந்திருப்பதைப் போல, இந்த நாண்களை உரிய இடைவெளியில் அடுக்கினால் அந்த உலகத்தின் வடிவமே தெரிந்துவிடும். விண்மீன் மறையவே இல்லை என்று எழுதி அனுப்பும் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நிழலின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த ஊர் சொல்கிறது.

காவலூரில் 1972

இனிக் காவலூருக்குச் செல்வோம். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காடுகளுக்கு நடுவே அமைந்துள்ள இந்த வான்நோக்கு நிலையத்தை உருவாக்கியவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. இன்று அந்நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1972-ஆம் ஆண்டு அங்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி நிறுவப்பட்டது. அது பணி தொடங்கிய சில காலத்துக்குள் ஓர் அரிய வாய்ப்பு வந்தது.

வியாழன் கோளின் துணைக்கோள்களில் மிகப் பெரியது கனிமீட். 1972 ஜூன் 7 அன்று கனிமீட் ஒரு விண்மீனை மறைக்கும் என்று கணக்கிடப்பட்டிருந்தது. நிழல் விழும் பாதையில் தென்னிந்தியாவும் ஜாவாத் தீவும் இருந்தன. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யா உள்ளிட்டோரும், ஜாவாவில் மற்றொரு குழுவினரும் தொலைநோக்கிகளைத் திருப்பிக் காத்திருந்தனர். விண்மீனின் ஒளியைக் கண்ணால் பார்த்துக் குறித்தால் விநாடியின் சிறு பின்னங்கள் தவறிவிடும். ஆகவே, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் ஒளிமின் கருவி கொண்டு ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்தனர்.

இரண்டு இடத்துப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கனிமீட்டின் விட்டம் 5,270 கி.மீ. என்று கிடைத்தது. உண்மை அளவு அதைவிட 30 கி.மீ. கூடவோ 200 கி.மீ. குறையவோ இருக்கலாம் என்றும் அவர்கள் எழுதினர். பின்னாளில் விண்கலங்கள் அருகே சென்று அளந்தன. இன்று நாம் ஏற்கும் அளவு 5,268 கி.மீ.!

விட்டம் தெரிந்தால் என்ன பயன்? பயன் மிகப் பெரிது. மற்றத் துணைக்கோள்களின் ஓட்டத்தைக் கனிமீட் எவ்வளவு இழுத்து மாற்றுகிறது என்பதைக் கொண்டு அதன் நிறையை வானியலார் முன்பே கணக்கிட்டிருந்தனர். விட்டத்திலிருந்து கன அளவு கிடைக்கும். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கனிமீட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. பாறையின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று மடங்கு. பனிக்கட்டியின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கனிமீட் முழுவதும் பாறையாக இருக்க முடியாது. பாறையும் பனிக்கட்டியும் கலந்த உலகமாகத்தான் அது இருக்க வேண்டும். அங்கு நிலவும் கடுங்குளிரில் பனிக்கட்டியே கல்லைப் போல் இறுகிக் கிடக்கிறது.

விட்டத்தில் சிறு பிழை இருந்தாலும் அடர்த்தியில் அது மும்மடங்காகிவிடும். விட்டம் நூற்றுக்கு ஐந்து தவறினால் அடர்த்தி நூற்றுக்குப் பதினைந்து தவறும். பனி உலகமா, பாறை உலகமா என்ற தீர்ப்பே மாறிவிடக்கூடும். அதனால்தான் விநாடியின் சிறு பின்னங்களுக்காக வானியலார் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

1972 பதிவில் வேறொரு செய்தியும் இருந்தது. விண்மீனின் ஒளி வெட்டியது போல் அணையாமல், சற்று மங்கி அணைந்ததாகத் தெரிந்தது. ஓர் உலகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால், அக்காற்று ஒளியை வளைத்துச் சிதறச் செய்யும். விண்மீன் படிப்படியாகவே மங்கும். எனவே கனிமீட்டுக்கு மெல்லிய காற்று மண்டலம் உண்டு என்று அக்குழுவினர் முடிவு செய்தனர். 1979-ல் வாயேஜர் விண்கலம் அங்கே சென்று, அதே மறைப்பு முறையை மிக அருகிலிருந்து கையாண்டது. காற்று இருந்தாலும் அது 1972-ல் சொன்னதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியதாகவே இருக்க முடியும் என்று தெரியவந்தது. பிறகு ஹப்பிள் தொலைநோக்கி, அங்கு மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. விட்டத்தைப் பற்றிய முடிவு நிலைத்தது. காற்றைப் பற்றிய முடிவு திருத்தப்பட்டது.

யுரேனஸ் வைத்திருந்த வியப்பு

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1977 மார்ச் 10 அன்று, நம் கடிகாரப்படி மார்ச் 11 பிறந்த நள்ளிரவுக்குப் பின், யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கவிருந்தது. இங்கிலாந்தின் கிரீனிச் வான்நோக்கு நிலையத்தைச் சேர்ந்த கார்டன் டெய்லர் இதை முன்பே கணக்கிட்டுக் கூறியிருந்தார்.

ஆனால் நிழல் எங்கே விழும் என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. யுரேனஸ் இருக்கும் தொலைவில், விண்மீனின் இடத்தைக் குறிப்பதில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் நிழல் பூமியை விட்டே விலகிப் போய்விடும். எவ்வளவு சிறு பிழை? முன்பு சொன்ன நாணயத்தை 5 கி.மீ. தொலைவில் வைத்தால் அது எவ்வளவு தோன்றுமோ அவ்வளவு பிழை போதும். நிழல் 13,000 கி.மீ. தள்ளிப் போய்விடும். பூமியின் விட்டமே அதைவிடக் குறைவுதான்!

ஆகவே பல இடங்களில் ஏற்பாடுகள் நடந்தன. காவலூரில் பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அமர்ந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு குழு இருந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹம், டக்ளஸ் மிங்க் ஆகிய மூவரும் இன்னும் துணிவான வழியை மேற்கொண்டனர். 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்தப்பட்ட கைப்பர் வான்வழி ஆய்வகம் என்னும் விமானத்தில் ஏறி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தனர்.

நேரம் பற்றிய ஐயம் இருந்ததால், விமானத்தில் கருவிகளை மிக முன்னதாகவே இயக்கிவிட்டனர். இது நல்லதாகப் போயிற்று. கோள் மறைப்பதற்கு அரைமணிக்கும் மேற்பட்ட நேரம் இருக்கும்போதே, விண்மீனின் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது! அடுத்தடுத்து இவ்வாறு ஐந்து முறை நிகழ்ந்தது. பிறகு யுரேனஸ் விண்மீனை மறைத்தது, விலகியது. விலகிய பின்பும் ஐந்து முறை ஒளி குறைந்து மீண்டது. முன்னே எவ்வளவு தொலைவில் குறைந்ததோ, பின்னேயும் ஏறக்குறைய அவ்வளவு தொலைவிலேயே குறைந்தது.

காவலூரிலும் அதே இரவில், விண்மீனின் ஒளி சில விநாடிகள் சரிந்து மீண்டது பதிவாகியிருந்தது. யுரேனஸுக்கு அருகே எதுவோ விண்மீனை மறைத்திருக்கிறது. அது எது? பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், அது இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோளாக இருக்க வேண்டும் என்று எண்ணினர். 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆய்விதழில், யுரேனஸின் புதிய துணைக்கோள் என்னும் தலைப்பிலேயே அச்செய்தி 1977-ல் வெளிவந்தது.

ஒரு சரிவை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அப்படி எண்ணுவது இயல்பே. ஆனால் விமானப் பதிவில் இருபுறமும் ஒரே தூரங்களில் ஐந்தைந்து சரிவுகள் இருந்தன. கோளின் இருபுறமும் சம தூரத்தில் ஐந்து ஜோடித் துணைக்கோள்கள் வரிசையாக வந்து நிற்குமா? கோளைச் சுற்றிச் செல்லும் வளையங்களாக இருந்தால்தான் இது பொருந்தும். சனிக்கு மட்டுமே வளையம் உண்டு என்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்த உலகம் வியந்து நின்றது. காவலூரின் பதிவு மீண்டும் ஆராயப்பட்டது. பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டில், அதே 'நேச்சர்' இதழில், யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளைய அமைப்பு இருப்பதைப் பற்றி எழுதினர்.

இவ்வளையங்கள் எவ்வளவு ஒடுங்கியவை தெரியுமா? அவற்றுள் அகலமான ஒன்றுகூட நூறு கி.மீ. அளவைத் தாண்டுவதில்லை, மற்றவற்றுள் பல பத்து கி.மீ. அகலத்துக்கு உட்பட்டவை. அவ்வளவு தொலைவில் பத்து கி.மீ. அகல வளையத்தைப் பார்ப்பது, நமது நாணயத்தை 6,700 கி.மீ. தொலைவில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம். அன்று எந்தத் தொலைநோக்கியாலும் இது இயலாது. ஒரு விண்மீனின் ஒளி ஓரிரு விநாடி குறைந்ததே அதைக் காட்டிக்கொடுத்தது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கி அவ்வளையங்களைப் படமெடுத்தது. இன்று 13 வளையங்கள் அறியப்பட்டுள்ளன.

அழிக்கக்கூடாத பதிவு

மாணவர்களே, இங்கே சற்று நிற்போம். செய்முறை வகுப்பில் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்து அளவீடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துவராவிட்டால், அதை ரப்பரால் அழித்துவிட்டு, ஒத்துவரும் ஓர் எண்ணை எழுதிவிடுவோம். காவலூரில் அன்றிரவு அப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்பாராத நேரத்தில் ஒளி சரிந்தது. மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே போயிருக்கும், கருவியில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் ஒதுக்கவில்லை. கண்டதைக் கண்டபடி வெளியிட்டனர்.

அவர்கள் முதலில் சொன்ன விளக்கம் தவறிவிட்டது உண்மையே. ஆனால் பதிவு தவறவில்லை. வேறிடத்துப் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது சரியான விளக்கம் கிடைத்தது. விளக்கம் தவறினால் நாளை திருத்திக்கொள்ளலாம். பதிவையே அழித்துவிட்டால், அந்த நொடி இனித் திரும்பி வராது. அந்த விண்மீனும் அந்தக் கோளும் அதே போல் மீண்டும் எப்போது நேர்கோட்டில் வரப்போகின்றன?

இன்னும் அப்பால்

யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் அப்பால் ஆயிரக்கணக்கான பனி உலகங்கள் சுற்றுகின்றன. அவற்றை அளக்கவும் மறைப்பு முறையே கைகொடுக்கிறது.

1988 ஜூன் 9 அன்று புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தது. அதே கைப்பர் விமானத்தில் அதே எலியட் குழுவினர் பறந்து பதிவு செய்தனர். விண்மீன் படிப்படியாக மங்கியது. இம்முறை முடிவு நிலைத்தது. புளூட்டோவுக்குக் காற்று மண்டலம் உண்டு! அதன் தரையிலுள்ள நைட்ரஜன் பனி, மங்கிய வெயிலில் ஆவியாகி எழுவதே அந்தக் காற்று. புளூட்டோ 1989-ல் சூரியனை மிக நெருங்கிவிட்டு, இப்போது விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. குளிர் கூடினால் அக்காற்று மீண்டும் பனியாகித் தரையில் படிந்துவிட வேண்டுமல்லவா? ஆனால் அடுத்தடுத்த மறைப்புகள், 1988-க்குப் பிறகும் பல ஆண்டுகள் காற்றழுத்தம் கூடிக்கொண்டே சென்றதைக் காட்டின.

2020 ஜூன் 6 அன்று நிகழ்ந்த மறைப்பை நம் நாட்டில், நைனிதால் அருகே தேவஸ்தல் மலையிலுள்ள 3.6 மீட்டர், 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. புளூட்டோவின் தரையில் காற்றழுத்தம், நம் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் எண்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று தெரிந்தது. 2015 முதல் அது ஏறாமலும் இறங்காமலும் நிற்கிறது என்பதையும் அப்பதிவு காட்டியது.

2005-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஏரிஸ், புளூட்டோவைவிடப் பெரியது என்று முதலில் கருதப்பட்டது. புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கிய 2006-ஆம் ஆண்டு முடிவுக்கு அதுவும் ஒரு காரணம். 2010 நவம்பர் 6 அன்று ஏரிஸ் ஒரு விண்மீனை மறைத்தது. சிலி நாட்டில் இரண்டே இடங்களில் நாண்கள் கிடைத்தன. நாம் மேலே போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? அதே வழியில் ஏரிஸின் விட்டம் 2,326 கி.மீ. என்று கிடைத்தது, பிழை 12 கி.மீ. மட்டுமே. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல் 90 மடங்குக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள பொருளுக்கு இவ்வளவு நுட்பம்! புளூட்டோவைவிட ஏரிஸ் சற்றே சிறியது என்பதும், புதிதாகப் பெய்த பனியைப் போல அதன் மேற்பரப்பு பளிச்சிடுகிறது என்பதும் தெரிந்தன.

இதைவிடச் சுவையானது அரோகோத்தின் கதை. 36 கி.மீ. நீளமே உள்ள இச்சிறு பொருளை நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் சந்திக்கவிருந்தது. அதற்கு முன்பாக, 2017 ஜூலை 17 அன்று, அர்ஜென்டினாவில் 40 செ.மீ. ஆடி கொண்ட சிறு தொலைநோக்கிகள் 24 இடங்களில் வரிசையாக வைக்கப்பட்டன. ஐந்து இடங்களில் மட்டும் விண்மீன் மறைந்தது. அந்த ஐந்து நாண்களை அடுக்கியபோது, இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டது போன்ற வடிவம் தெரிந்தது. 2019 ஜனவரி 1 அன்று விண்கலம் அருகே சென்று படமெடுத்தது. ஒட்டிய இரண்டு பகுதிகளே அங்கு இருந்தன!

இம்முறைக்குச் சிறு தொலைநோக்கியே போதுமாவது எப்படி? நாம் பார்ப்பது பனி உலகத்தை அன்று, விண்மீனை. விண்மீன் பிரகாசமாக இருந்தால் போதும். மறைக்கும் பொருள் கண்ணுக்கே தெரியாவிட்டாலும் கவலையில்லை. 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை மிக நுட்பமாக அளந்து தந்திருப்பதால், இன்று நிழல் விழும் இடத்தை முன்கூட்டியே கூறுவதும் எளிதாகிவிட்டது.

நீங்களும் தொடங்கலாம்

தை, மாசி மாதங்களில் வரும் கிருத்திகை நாள்களை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது சந்திரன் வளர்பிறையாக, மாலையிலேயே உயரத்தில் நிற்கும். சந்திரன் எந்தப் பக்கமாக நகர்கிறதோ அந்தப் பக்கத்து விளிம்பு இருண்டிருக்கும். கார்த்திகை மீன்களில் ஒன்று அந்த இருண்ட விளிம்பை நெருங்குகிறதா என்று இருகண் நோக்கியால் பாருங்கள். எல்லா மாதமும் மறைப்பு நிகழாது. நிகழ்ந்தாலும் எல்லா ஊரிலும் தெரியாது. பொறுமை வேண்டும்.

மறைப்பு நிகழும்போது, மீன் மங்கி மறைவதில்லை. ஊதி அணைத்த விளக்கைப் போலக் கண்ணிமைக்கும் நேரத்தில் இல்லாமல் போகும். சந்திரனில் காற்று இல்லை என்பதற்கு உங்கள் கண்ணே சாட்சி! அந்த நொடியைக் கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்து விநாடிவரை எழுதிக்கொள்ளுங்கள். திருத்தணியிலோ காஞ்சிபுரத்திலோ உங்கள் வயதுடைய உறவினர் இருந்தால், அவரையும் அதே மீனைப் பார்த்து நேரம் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு நேரங்களும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று நீங்களே சிந்தியுங்கள். விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

குறிப்பேட்டில் தேதி, ஊர், நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். எதிர்பாராதது நடந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அதன் பொருள் அன்றே விளங்காமல் போகலாம். ஜவ்வாது மலையில் ஓர் இரவில் பதிவான சில விநாடிகளும் அன்றே முழுமையாக விளங்கிவிடவில்லை.